துங்கி சாப்பிடவில்லை

வட கர்நாடகத்து ஜமகண்டியில் மாவு மில் வைத்திருந்த ராச்சப்பாவின் வீட்டுக்கு ஒரு திங்கட்கிழமை நாய்க்குட்டி வந்தது. நீண்ட மூஞ்சி, குச்சிக் கால்கள், முதோள் வேட்டை நாய்ச் சாதி.

"எங்கண்ணன் குடுத்து விட்டாரு" என்றாள் மனைவி கௌரவ்வா, அவர் முகத்தைப் பார்க்காமல்.

அவள் அண்ணன் நாயைக் கண்டால் தெரு மாறிப் போகிற ஆள். முதோளில் இந்தச் சாதி நாய்களை வளர்த்து விற்பவன் ஹனமந்தா. ராச்சப்பாவின் ஒரே மகள் ரேணவ்வா, அப்பா பேச்சை மீறி அவனைத்தான் கட்டிக்கொண்டாள். மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. முதோளுக்கு பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரம்கூட ஆகாது.

"இருந்துட்டுப் போகட்டும்" என்றார் ராச்சப்பா.

குட்டிக்கு துங்கி என்று பெயர் வைத்தார்கள். முதல் நாளே சோள மூட்டைமேல் மூத்திரம் போயிற்று. அவர் கத்தினார். கௌரவ்வா போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்த் திரும்பி வந்தாள்.

"பால் குடிச்ச கையோட வெளிய தூக்கிட்டுப் போகணுமாம். தினமும் அதே இடத்துல விடணுமாம். போனதும் தட்டிக் குடுக்கணுமாம்."

"யாரு சொன்னா?"

"அண்ணன்தான்."

"உங்கண்ணன் எப்ப நாய் டாக்டருக்குப் படிச்சான்?"

ஆனாலும் சொன்னபடியே செய்தார். ஒரு வாரத்தில் குட்டி பழகிவிட்டது. பிறகு விரலைக் கடித்தது. கையை உதறாமல் முஷ்டியாக மடக்கிக்கொண்டு சும்மா இருக்கச் சொல்லி அடுத்த சேதி வந்தது. அதையும் செய்தார். கடியும் நின்றது.

கேட்பதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் போனபோது ராச்சப்பாவுக்கு வீடு வெறிச்சென்று ஆனது. பத்து நாள் பொறுத்துப் பார்த்தார்.

"கூப்பிட்டா வர மாட்டேங்குது. என்னன்னு கேட்டுச் சொல்லு" என்றார்.

அவர் நாக்கைச் சொடுக்கினாலே மூட்டைகளைத் தாண்டி ஓடி வருகிற குட்டி. கௌரவ்வா தினமும் பார்க்கிறவள்தான். போனை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். அவர் கயிறு தேடுகிற சாக்கில் சுவரோரம் நின்றார். கௌரவ்வா 'ம்' கொட்டுவதுதான் கேட்டது. மகள் குரல் எட்டவில்லை.

"கூப்பிட்டு வந்தா எதுக்காகவும் திட்டக் கூடாதாம். ஒரு தடவை திட்டிட்டா அப்புறம் எப்பக் கூப்பிட்டாலும் வராதாம்."

ராச்சப்பா மில்லுக்குப் போய்விட்டார். கல்யாணமான புதிதில் பெண்ணை வரச் சொல்லி ஆள் அனுப்பியவர் அவர்தான். அவளும் புதுப் புடவையில் சிரித்துக்கொண்டு வந்தாள். அரைக்க வந்த பெண்கள் அத்தனை பேர் முன்னால் என்னென்ன பேசினார் என்பது அவருக்கு ஒரு சொல் விடாமல் ஞாபகம் இருந்தது.

அந்த வார முடிவில் சொன்னார்: "ரெண்டு நாளா துங்கி வாயில பச்சைத் தண்ணி படலை."

"என்னங்க இது..." என்று ஆரம்பித்த கௌரவ்வா அவர் முகத்தைப் பார்த்ததும் போனை எடுத்தாள்.

மறுநாள் காலை ஹனமந்தா மோட்டார் சைக்கிளில் வந்து வாசலில் நின்றான்.

"நானே போறேன்னு ரேணவ்வா ஒரே அடம், மாமா. எட்டு மாச வயித்தோட எப்படி வண்டியில ஏத்த? குட்டியைக் கொண்டாரச் சொன்னா."

எட்டு மாசம். ராச்சப்பா மனைவியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். அந்நேரம் துங்கி வாயில் முழு சோள ரொட்டியைக் கவ்விக்கொண்டு உள்ளேயிருந்து ஓடி வந்தது. ஹனமந்தா ரொட்டியைப் பார்த்தான், மாமனாரைப் பார்த்தான். சிரிக்கவில்லை.

"நல்லாத்தான் இருக்கு போல. அப்ப நான் கிளம்பறேன்."

"இரு" என்றார் ராச்சப்பா. "வயித்துக்குள்ள ஏதாச்சும் இருக்கும். அவ பார்த்தாத்தான் தெரியும்."

மில்லைப் பூட்டினார். மாவு படிந்த சட்டையோடு குட்டியை அணைத்துக்கொண்டு பின்னால் ஏறினார். கௌரவ்வாவை பஸ்ஸில் வரச் சொன்னார். கரும்புக் காடுகளைத் தாண்டியதும் கேட்டார்:

"அவளுக்கு இப்ப என்ன சாப்பிடப் புடிக்குது?"

"புளிப்பா எது குடுத்தாலும் சரி, மாமா."

ரேணவ்வா நாய்க் கொட்டகை வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள். முகம் ஊதியிருந்தது. அப்பாவைப் பார்க்காமல் குட்டியை வாங்கி, வாயைத் திறந்து பார்த்து, வயிற்றை அமுக்கினாள்.

"எத்தனை நாளா சாப்பிடலை?"

"ரெண்டு நாளா."

"வயிறு தம்பட்டம் மாதிரி இருக்கு. பொய் சொல்லவும் தெரியலை உங்களுக்கு."

அவர் சட்டையில் படிந்த மாவைத் தட்டினார்.

"போய்க் கை காலைக் கழுவிட்டு வாங்க. ரொட்டி தட்டறேன்."

தொட்டி பின்பக்கம் இருந்தது. ராச்சப்பா தேவைக்கு மேல் நிறையத் தண்ணீர் மொண்டு முகத்தில் அடித்துக்கொண்டார். வேலிக்கு அந்தப் பக்கம் பதினொரு வேட்டை நாய்கள் வரிசையாக நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.