வாசிப்பு நிலை என்ற கட்டம்

புது வருஷத்துக்குப் பாடத்திட்டம் போட உட்கார்ந்துவிட்டால் அவளுக்குப் பசி, தாகம் எதுவும் தெரியாது. கல்யாணத்துக்கு முன் ஐந்து வருஷம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். கண்ணாடிக் குழாய்களில் சீட்டு எழுதி ஒட்டி, எதையும் கட்டத்துக்குள் குறித்துப் பழகிய கை. சாப்பாட்டு மேசையில் நீளமான வெள்ளைத்தாளை விரித்து, சுருளாமல் இருக்க நாலு மூலையிலும் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஸ்கேலும் பென்சிலுமாக ஆரம்பிப்பாள். முப்பத்தாறு வாரம், மூன்று பிள்ளைகள்.

மூத்தவளுக்குப் பதின்மூன்று வயது. வீட்டில் பெரியவள் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அடுத்தவன் ஒன்பது வயது வாலு. கடைக்குட்டிக்கு ஐந்து வயது, மொட்டு. மூவருடைய வயதுக்கும் ஒரே பாடத்தைப் பிரித்துக் கொடுப்பதில்தான் அவளுடைய சாமர்த்தியம் இருந்தது. காலையில் ஜெபம், பிறகு வேதபாடம். பகுதியைப் பெரியவள் உரக்க வாசிப்பாள், வாலு அதைத் திருப்பிச் சொல்வான், மொட்டு படம் வரைவாள். அறிவியலும் அப்படித்தான். படைப்பின் ஏழு நாளை எடுத்துக்கொண்டால் பெரியவளுக்கு நட்சத்திரங்களின் தூரம், வாலுவுக்கு மீன் வகை, பறவை வகை, மொட்டுக்கு எது வெளிச்சம், எது இருட்டு. கணக்கு மட்டும் அவரவருக்குத் தனி.

சபையில் வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுக்கும் மற்ற அம்மாக்கள் இந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் போய்ப் பார்த்து எழுதிக்கொள்வார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. அந்தப் பெருமைக்காக ஞாயிற்றுக்கிழமை ஆண்டவரிடம் மன்னிப்பும் கேட்டுக்கொள்வாள்.

வியாழக்கிழமை காலை கல்வி அலுவலகத்திலிருந்து அதிகாரி வருவதாகக் கடிதம் வந்திருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை வருவதுதான். ஆனால் கூடவே வந்த படிவத்தில் இந்த முறை புதிதாக ஒரு கட்டம் இருந்தது. 'ஒவ்வொரு பிள்ளையின் வாசிப்பு நிலை.'

திங்கட்கிழமை மதியம் அந்தக் கட்டத்தை நிரப்பத்தான் வாலுவைக் கூப்பிட்டாள். நூலகத்திலிருந்து எடுத்துவந்த தேனீப் புத்தகத்தை நீட்டினாள். அவன் அதை முன்பின் பார்த்ததில்லை.

"முதல் பக்கத்தை வாசிடா கண்ணா."

"தண்ணி குடிச்சுட்டு வரேம்மா."

குடித்துவிட்டு வந்தான். பாத்ரூம் போய்விட்டு வந்தான். பென்சில் சீவ வேண்டும் என்றான்.

"வாசிக்கிறதுக்கு எதுக்குடா பென்சில்?"

"அக்கா முதல்ல வாசிக்கட்டும்மா. நான் அப்புறம் வாசிக்கிறேன்."

"அக்கா கதை இருக்கட்டும். நீ வாசி."

வாலு முதல் வரிக்கு அடியில் விரலை வைத்தான். கண் வரியில் இல்லை, படத்தில் இருந்தது. "தேனீ... பூவுல... உக்காருது," என்றான். அந்த வரியில் தேனீயும் இல்லை, பூவும் இல்லை. 'கூட்டில் ஒரே ஒரு ராணிதான் உண்டு' என்று இருந்தது.

விளையாடுகிறான் என்றுதான் முதலில் நினைத்தாள். பாடத்திட்டத் தாளின் ஓரத்திலேயே பென்சிலால் 'வயல்' என்று எழுதினாள். "வாசல்," என்றான். 'படகு' என்று எழுதினாள். "பட்டம்." 'மரம்' என்று எழுதினாள். அதைச் சரியாகச் சொன்னான். 'மருந்து' என்று எழுதினாள். அதற்கும் "மரம்," என்றான். விரல் பட்ட இடத்தில் தாள் வியர்வையில் நனைந்திருந்தது.

ஒன்பது வயது! தினமும் தன் கண் எதிரே, கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை!

நிமிர்ந்து பார்த்தாள். பெரியவள் அறைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"உனக்குத் தெரியுமாடி?"

"ரெண்டு வருஷமா தெரியும்மா." பெரியவளின் குரல் உடைந்தது. "நீ குடுக்கிற பாடத்தை முந்தின நாளே அவனுக்கு வாசிச்சுக் காட்டிடுவேன். ரெண்டு தடவை கேட்டா போதும், அப்படியே சொல்லிடுவான். உனக்குத் தெரிஞ்சா நீ அழுவேன்னு..."

போன வருஷம் வந்த அதிகாரி ஓய்வு பெறப்போகிற மனிதர். வேதத்தைப் பிரித்து, காலை ஜெபத்தில் தினமும் சொல்கிற ஒரு சங்கீதத்தை வாசிக்கச் சொன்னார். வாலு மூச்சு விடாமல் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தான். அவர் 'மிக நன்று' என்று எழுதிவிட்டுப் போனார். அவள் அதைப் போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினாள். அக்கா பள்ளிக்கூட டீச்சர். "உன் பிடிவாதத்துக்குப் பிள்ளைங்களைப் பலி குடுக்காதடி," என்று ஆரம்பத்திலேயே சொன்னவள். அந்தப் போட்டோவுக்கு அக்கா பதிலே போடவில்லை. அன்றைக்கு அது பெரிய வெற்றியாகத் தெரிந்தது.

இப்போது யோசித்தபோது எல்லாம் விளங்கியது. ஒருத்தி வாசிக்க, ஒருவன் திருப்பிச் சொல்ல, ஒருத்தி வரைய என்று அவள் கோடு போட்டுப் பிரித்த அந்தத் திட்டமேதான் பிள்ளையை ஒளித்து வைத்திருக்கிறது. அதைப் பார்த்து எழுதிக்கொண்டு போன அம்மாக்கள் ஒவ்வொருவரும் நினைவுக்கு வந்தார்கள்.

கணவரிடம் சொல்லவில்லை. அவர் லிஃப்ட் மெக்கானிக். மாலையில் கிரீஸ் வாடையோடு வந்து, சட்டையைக் கழற்றும் முன்பே மூன்று பேரையும் தூக்கிச் சுற்றுகிற மனிதர். சொன்னால், "பேசாம ஸ்கூல்ல சேத்துடலாம்மா," என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். அதிகாரிக்குத் தெரிந்தால் மூவரையுமே அனுப்பச் சொல்லி உத்தரவு வரும். வாலுவை எந்த வகுப்பில் உட்காரவைப்பார்கள்? ஆறு வயதுப் பிள்ளைகளோடா? ஜெபம் பண்ண முழங்கால் போட்டாள். வார்த்தை வரவில்லை. கட்டிலின் விளிம்பில் நெற்றியை வைத்தபடி வியாழக்கிழமைக்கு எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை அவள் ஒரு காரியம் செய்தாள். அலுவலகப் பட்டியலில் இருக்கும் மூன்றாம் வகுப்பு வாசகப் புத்தகத்தை எடுத்து, பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்தாள். பேருந்தில் குடையைத் தொலைத்த ஒரு தாத்தாவின் கதை. வாலுவைப் பக்கத்தில் உட்காரவைத்து அதை வாசித்துக் காட்டினாள். இரண்டாம் முறையும் வாசித்தாள். எந்தச் சொல்லில் விரல் நகர வேண்டும், எங்கே வரி முடிகிறது என்றெல்லாம் காட்டினாள்.

வாலு ஒரே நாளில் பிடித்துக்கொண்டான். அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"அம்மா, நீயும் அக்கா மாதிரியே சொல்லிக் குடுக்கிறியே! இனிமே எல்லாப் பாடத்தையும் இப்படியே பண்ணிடலாமா?"

அந்த 'அக்கா மாதிரியே' அவளைச் சுட்டது. ஆனாலும் புத்தகத்தை மூடவில்லை. "இன்னொரு தடவை சொல்லு," என்றாள்.

வியாழக்கிழமை விடிந்ததிலிருந்தே மழை. கணவர் அரைநாள் லீவு போட்டுவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையும் படிய வாரிய தலையுமாக உட்கார்ந்திருந்தார். "என்னம்மா, பரீட்சை உனக்கா பிள்ளைங்களுக்கா? முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு," என்று சிரித்தார். அவளால் சிரிக்க முடியவில்லை. தெருவில் கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து ஜன்னலுக்குப் போனாள்.

வந்தவர் புது அதிகாரி, நடுத்தர வயதுப் பெண்மணி. நனைந்த செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து, மேசையில் விரித்திருந்த பாடத்திட்டத்தை நிதானமாகப் பார்த்தார். "அழகா போட்டிருக்கீங்க," என்றார். பெரியவளின் கட்டுரை நோட்டை இரண்டு பக்கம் படித்தார். மொட்டுவிடம் இருபது வரை எண்ணச் சொன்னார். மொட்டு நிறுத்த மறந்து முப்பத்தொன்பது வரை போய், அதற்குப் பிறகும் முப்பத்திப் பத்து என்றாள். அதிகாரி சிரித்துவிட்டார்.

"அடுத்து யாரு, தம்பியா? வாங்க சார்."

வாசகப் புத்தகம் பன்னிரண்டாம் பக்கத்தில் திறந்தபடிதான் மேசையில் கிடந்தது. அவளே அப்படி வைத்திருந்தாள். அதிகாரி அதைக் கையில் எடுத்து, மூடி, வேறு எங்கோ திறந்து வாலுவின் முன் வைத்தார்.

வாலு பக்கத்தைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். காது இரண்டும் சிவந்தன. விரலை முதல் வரியில் வைத்து, தெளிவான குரலில் ஆரம்பித்தான்.

"ஒரு ஊரில் ஒரு தாத்தா இருந்தார். அவரிடம் ஒரு கறுப்புக் குடை இருந்தது..."

மேசைக்கு அடியில் பெரியவள் அவள் கையைத் தேடிப் பிடித்தாள்.

மொட்டு எட்டிப் பார்த்தாள். "அண்ணா, இதுல குடையே இல்ல. படகுதான் இருக்கு."

அதிகாரி வாலுவின் முகத்தையே பார்த்தார். பிறகு இளகிய குரலில், "புது ஆளைப் பாத்துப் பயந்துட்டீங்களா? பரவாயில்ல, தெரிஞ்ச பக்கத்தையே வாசிங்க," என்று அவரே தேடிப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

வாலு வாசித்தான். விரல் சொல்லுக்குச் சொல் நகர்ந்தது. வரி முடிகிற இடத்தில் நின்று, அடுத்த வரிக்கு இறங்கியது. ஒரு எழுத்து பிசகவில்லை. கணவர் பூரித்துப்போய் அவளைப் பார்த்தார். அதிகாரி தலையாட்டிக்கொண்டே பேனா மூடியைத் திறந்து, படிவத்தை எடுத்து அந்தக் கட்டத்தில் முனையை வைத்தார்.

முடிந்தது. இன்னும் ஒரு நிமிடம் சும்மா இருந்தால் போதும். ஒரு வருஷத்துக்கு யாரும் வரமாட்டார்கள்.

ஒரு வருஷம் கழித்து வாலுவுக்குப் பத்து வயது. அன்றைக்கு எந்தப் பக்கத்தை மனப்பாடம் செய்யவைப்பது? அதிகாரியின் மீது இருந்த பயத்தைவிட இந்தப் பயம் பெரிதாக எழுந்தது.

"எழுதாதீங்க மேடம்," என்றாள். குரல் அவளுடையது போலவே இல்லை. "அவனுக்கு வாசிக்கத் தெரியாது. நான்தான் மனப்பாடம் பண்ண வெச்சேன்."

கணவரின் சிரிப்பு பாதியில் நின்றது. அவளால் தாங்க முடியாமல் போனது வாலுவின் முகத்தைத்தான்.

"அம்மா," என்றான் மெதுவாக, "நான் சரியாத்தானே சொன்னேன்?"

"சரியாத்தான் சொன்ன கண்ணா. தப்பு உன்னுது இல்ல."

அவன் நாற்காலியிலிருந்து இறங்கி உள்ளே போய்விட்டான். பெரியவள் அவன் பின்னால் ஓடினாள்.

அதிகாரி திட்டவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. "இதை நான் எழுதித்தான் ஆகணும்மா," என்றார். "எப்ப கண்டுபிடிச்சீங்க?"

"திங்கட்கிழமை."

"திங்கட்கிழமைக்கு முன்னாடி உங்களுக்குத் தெரியவே தெரியாதா?"

"தெரியாது மேடம்," என்றாள். அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார்.

அவர் போன பிறகு கணவர் அவள் பக்கம் திரும்பினார்.

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"பயமா இருந்துச்சுங்க."

"எம்மேலயா?"

"எல்லாத்து மேலயும்."

அவர் எழுந்து போய், மூடியிருந்த அறைக்கதவை விரலால் தட்டினார். "டேய் வாலு, அப்பாதான்டா. எட்டாவது மாடி லிஃப்ட் ஒண்ணு பாதில நின்னுபோச்சாம், வரியா?" கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. அன்று மதியம் இருவரும் போனார்கள். வாலு அவளிடம் அன்று முழுக்கப் பேசவில்லை.

கடிதம் வருவதற்குப் பத்தொன்பது நாள் ஆயிற்று. அந்தப் பத்தொன்பது நாளும் அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். தபால்காரர் தெருமுனையில் தெரிந்தாலே கையும் ஓடாது, காலும் ஓடாது. ஒரு சாயங்காலம் மனசு கேட்காமல் அக்காவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டினாள். 'நான் அப்பவே சொன்னேனே' என்ற வார்த்தைக்காகக் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

"போன வருஷம் என் கிளாஸ்லயும் ஒரு பொண்ணு இப்படித்தான்டி," என்றாள் அக்கா. "நாப்பது பிள்ளைங்களுக்கு நடுவுல பாதி வருஷம் எனக்குத் தெரியவே இல்ல. நீ அழாத. முதல்ல அவனை டெஸ்ட் பண்ணிப் பாருங்க."

கடிதத்தில் உத்தரவு இருந்தது. பெண்பிள்ளைகள் இருவருக்கும் வீட்டுப்பாடம் தொடரலாம். பையன் வாரத்தில் மூன்று நாள் காலை, வாசிப்புச் சிரமம் உள்ள பிள்ளைகளுக்கென்று இருக்கும் ஆசிரியையிடம் வரவேண்டும். ஆறு மாதம் கழித்து அவனுடைய வீட்டுப்பாடத்துக்கு அனுமதி உண்டா இல்லையா என்று முடிவு செய்யப்படும்.

அவள் புதுத் தாளை விரித்தாள். இந்த முறை ஒரே தாளில்லை, மூன்று தாள். வாலுவின் தாளில் 'வாசிப்பு நிலை' என்ற கட்டத்தில் 'ஆரம்பம்' என்று எழுதினாள். எழுத்து நேராகவே விழுந்தது.

முதல் நாள் அவளே அவனைக் கூட்டிக்கொண்டு போனாள். நீளமான தாழ்வாரம், மூடிய கதவு, குழந்தைகளின் உயரத்துக்கு ஒரு பெஞ்சு. அதில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தாள். உள்ளிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அழுகிறானோ? பதிலே சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறானோ? இவனுக்கு வராது என்று சொல்லிவிடுவார்களோ? முக்கால் மணி நேரம் அவளுக்கு முக்கால் நாளாகப் போயிற்று.

கதவு திறந்து வாலு வந்தான். கையில் மணல் ஒட்டியிருந்தது. தட்டில் மணலைப் பரப்பி எழுத்து எழுதவைத்தார்களாம்.

"எப்படிடா இருந்துச்சு?"

"ரொம்பக் கஷ்டம்மா. இவ்வளவு நேரமா மூணே எழுத்து." கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். "ஆனா அந்த டீச்சருக்கு எனக்கு வாசிக்கத் தெரியாதுன்னு முன்னாடியே தெரியும். அதனால பயம் இல்ல."

அவளுக்குப் பயம் போகவில்லை. ஆறு மாதம் அப்படியே எதிரே நின்றது. ஆனாலும் அவன் மணல் கையை நீட்டியபோது இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன மூணு எழுத்துடா?" என்று கேட்டாள்.

அவன் நடந்துகொண்டே சொல்ல ஆரம்பித்தான்.