சாமைக் குவியல்

கள்ளக்குறிச்சி பொதுக் கலைக்கூடத்தில் தமிழழகன் தற்காலிகக் காவலன். பி.ஏ. படித்தவன், வயது இருபத்தேழு. நவீன ஓவியக் கண்காட்சி குறையில்லாமல் முடிந்தால் வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி எழுதுவதாகப் பொறுப்பாளர் அரங்கநாதன் வாக்குக் கொடுத்திருந்தார். குறையில்லை என்று கண்காட்சி வைத்த சென்னை ஓவியர் மணிமொழி அம்மையார் பொருள் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான்.

அந்த வேலை அவனுக்கு வேண்டும். மனைவி கலையரசி காய்ச்சலில் போய் எட்டு மாதம் ஆகிறது. பகலெல்லாம் வீட்டுக்குப் போகாமல் இருக்க ஓர் இடம் வேண்டும்.

பதிவேட்டில் பன்னிரண்டு பொருள்கள். பதினொன்று சுவரில் தொங்கின. பன்னிரண்டாவது தரையில், பாயின்மேல் கொட்டிய ஆறு படி சாமை அரிசி. பக்கத்தில் ‘மலை’ என்று ஓர் அட்டை. முதல் நாள் பார்க்க வந்த பெரியவர் வெகுநேரம் நின்றுவிட்டு, “இத்த எப்ப குடுப்பாங்க?” என்று கேட்டார்.

மறுநாள் சாலை மறியல் தொடங்கிவிட்டது. இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம். சாலையோரப் புளியமரங்கள் வெட்டுப்பட்டுக் குறுக்கே கிடந்தன. பஸ் ஓடவில்லை, கடை திறக்கவில்லை. ஐந்து பேர் கூடக்கூடாது என்று தடையுத்தரவு. அரங்கநாதன் வடக்கனந்தலில் மாட்டிக்கொண்டார். மணிமொழி சென்னையில்.

மறியலின் இரண்டாம் நாள் காலையில் மலைக்காரர்கள் நான்கு பேர் கலைக்கூடத்துப் படியில் வந்து நின்றார்கள். செல்லியம்மாள், அவள் புருஷன், மகன், பிள்ளை பெற்று ஆறு நாளான மருமகள். ஆசுபத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். வெள்ளிமலை ஏறப் பஸ் இல்லை. பச்சை உடம்புக்காரியை நடக்கவைக்க முடியாது.

“பஸ் ஸ்டாண்டுல குந்திகினு இருந்தோம் தம்பி. போலீசு எழுப்பி வுட்டுட்டாரு. அஞ்சு பேரு கூடக் கூடாதாம்.”

“நாலு பேர்தானே இருக்கீங்க?”

“புள்ளையையும் எண்ணிட்டாரு.”

தமிழழகன் கதவைத் திறந்துவிட்டான்.

எங்கோ கிடைத்த பன்னும் வாழைப்பழமும் மறுநாளோடு தீர்ந்தன. மருமகளுக்குப் பால் சுரக்கவில்லை. குழந்தையின் அழுகை மெலிந்துகொண்டே வந்தது. செல்லியம்மாளின் கண் குவியலிலேயே இருந்தது.

“இது யாரு ஊட்டுது தம்பி?”

“கண்காட்சிப் பொருள்மா. தொடக்கூடாது.”

“சாமிக்கு வெச்சதா?”

“இல்ல. பாக்கறதுக்கு.”

“பாத்தாச்சே” என்றாள்.

தமிழழகன் எழுந்து வீட்டுக்குப் போனான். எட்டு மாதமாகத் திறக்காத அடுக்களையைத் திறந்து குண்டானையும் கரண்டியையும் எடுத்தான். ஜாடியில் உப்பு கல்லாகிக் கிடந்தது. கத்தியால் குத்திக் கொஞ்சம் பெயர்த்துக்கொண்டான். விறகுக்குப் பஞ்சமில்லை, சாலை முழுக்கப் புளியங்கிளை. ஆனால் பச்சை விறகு. கொல்லைப்புறமெல்லாம் புகைந்தது.

குவியலிலிருந்து அவனே அள்ளிக் கொடுத்தான். கஞ்சி கொதித்ததும் செல்லியம்மாள் அவனுக்கும் ஒரு தட்டில் ஊற்றினாள். வேண்டாம் என்றான். அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. வாங்கிக் குடித்தான்.

பஸ் ஓடத் தொடங்கியபோது பாய் காலி.

“கொண்ணாந்து கொட்டிடறேன் தம்பி” என்று சொல்லிவிட்டு அவள் பஸ் ஏறினாள். அவன் தலையாட்டினான். நம்பவில்லை.

அரங்கநாதன் வந்ததும் பாயைத்தான் பார்த்தார். “இன்னாய்யா, கண்காட்சியையே தின்னுட்டியா? ஊர்ல எவனாவது கேட்டா சிரிப்பான்யா.”

மலைக்குப் போன ஐந்தாம் நாள் செல்லியம்மாள் தலையில் மூட்டையோடு வந்தாள். உமி நீக்காத சாமை. “குத்தறதுக்கு நேரமில்ல” என்றபடி கொட்டினாள். உள்ளங்கையால் தடவித் தடவிக் குவித்தாள். முந்தானையில் முடிந்திருந்த சாம்பலை எடுத்துக் குவியலைச் சுற்றிக் கோடு போட்டாள்.

“களத்துல குவிச்சா இப்பிடித்தான் போடுவோம். கோடு கலைஞ்சா எவனோ கை வெச்சிட்டான்னு அர்த்தம். இனிமே உன்னைத் திருடன்னு ஒருத்தரும் சொல்ல முடியாது.”

அவள் போனதும் அரங்கநாதன் மெதுவாகச் சொன்னார். “அந்தக் கோட்டத் தொடைச்சிடு. மெட்ராசு அம்மாவுக்குச் சாமையும் அரிசியும் ஒண்ணுதான். கோட்டப் பாத்தாத்தான் கேப்பாங்க. கேட்டா உன் வேலை போச்சு.”

தமிழழகன் துணியோடு குனிந்தான். கோட்டில் அவள் விரல் போன தடம் தெரிந்தது. துடைத்தால் அவள் கணக்கில் அவன் திருடன். துணியை ஆணியில் திரும்ப மாட்டினான்.

மணிமொழி மறுநாள் வந்தார். பன்னிரண்டாவது பொருளின் முன்னால் நின்றார். அரங்கநாதன் பதிவேட்டை விரித்துப் பேனா மூடியைக் கழற்றித் தயாராக இருந்தார்.

“இது நான் வெச்சது இல்ல. நான் வெச்சது அரிசி. மலையில ஊர் ஊரா நடந்து வாங்கினேன்.” குரலில் கோபம் இருந்தது. “யார் இந்தக் கோடு போட்டது?”

அரங்கநாதன் மின்விசிறியைப் பார்த்தார்.

“உங்க அரிசியைச் சாப்பிட்டவங்க போட்டாங்க மேடம்” என்றான் தமிழழகன். “பஸ் இல்ல. பிள்ளை பெத்த பொண்ணு. நான்தான் எடுத்துக் குடுத்தேன். நானும் சாப்பிட்டேன்.”

மணிமொழி கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார். “எப்படி இருந்துச்சு?”

சாப்பாடு எப்படி இருந்தது என்று எட்டு மாதமாக யாரும் அவனைக் கேட்டதில்லை. யோசிக்க வேண்டியிருந்தது.

“உப்பு கம்மி” என்றான். பிறகு, “சூடா இருந்துச்சு.”

அவர் பதிவேட்டை வாங்கினார். பன்னிரண்டாவது வரியில் ‘சாமை அரிசி’ என்பதில் ‘அரிசி’யை மட்டும் அடித்தார். கீழே கையெழுத்துப் போட்டார். அரங்கநாதன் மை காய ஊதினார்.

சாயங்காலம் கூடத்தைப் பூட்டிவிட்டுத் தமிழழகன் குண்டானைக் கையில் எடுத்துக்கொண்டான். அடியில் புகைக்கரி இன்னும் போகவில்லை. வழியில் மளிகைக்கடை திறந்திருந்தது. ஒரு பொட்டலம் உப்பு வாங்கினான்.