இரண்டு லாரிக்கு ஒரு கோடு

நாற்பத்தாறாயிரத்து முந்நூற்றைம்பது. கிடங்கு முதலாளிக்கு மடக்கு என்கிறவன் தர வேண்டிய கடன் அது. தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் பிசகாமல் சொல்வான்.

அந்தக் கிடங்கில் இருபத்திரண்டு வருடம் மூட்டை தூக்கியவன். ஒரு நாள் லாரியில் சாய்த்து வைத்த பலகை சறுக்கி, மூட்டையோடு கீழே விழுந்தான். முதுகு போயிற்று. ஆஸ்பத்திரிச் செலவை முதலாளிதான் கட்டினார். கட்டிவிட்டு, படுக்கையில் கிடந்தவனிடம் கடன் சீட்டில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். லாரி அவருடையது, மூட்டை அவருடையது, பலகையும் அவருடையது. முதுகு மட்டும் இவனுடையதாகப் போனதால் கடன் இவன் தலையில் விழுந்தது.

அதற்குப் பிறகு அவனால் நிமிர முடியவில்லை. இடுப்போடு மடித்து வைத்த மாதிரி நடந்தான். கூட மூட்டை தூக்கியவர்களே மடக்கு என்று பேர் வைத்தார்கள். வைத்தவர்கள் மறந்துபோன பிறகும் பேர் ஒட்டிக்கொண்டது.

எழுதப் படிக்கக் கொஞ்சம் தெரியும் என்பதால் சாலைத் திட்ட அலுவலகத்தில் ஒரு வாரக் கூலி வேலை கிடைத்தது. அவன் குடியிருந்த தெரு முனையிலேயே உட்கார்ந்து, காலை ஆறு முதல் மாலை ஆறு வரை போகிற லாரிகளை எண்ண வேண்டும். நாலு லாரிக்கு நாலு கோடு, ஐந்தாவதற்குக் குறுக்கே ஒரு கோடு. நாளொன்றுக்கு முந்நூறு லாரிக்கு மேல் போனால் அந்தத் தெருவில் லாரி வரக் கூடாது என்று உத்தரவாகும். கிடங்குகளுக்குப் பின்னால் மாற்றுச் சாலை போடுவார்கள். அந்தத் தெருப் பெண்கள் இரண்டு வருடம் நடையாய் நடந்து, மனு மேல் மனு கொடுத்து வாங்கிய கணக்கெடுப்பு அது. மனுவில் முதல் கைநாட்டு மடக்கின் பெண்டாட்டியுடையது.

அலுவலகத்தில் கொடுத்த மடக்கு நாற்காலியில் அவன் உட்கார்ந்ததும், டீக்கடையில் நின்ற மூட்டைக்காரர்கள் ரெண்டு மடக்கும் ஜோடி சேர்ந்துவிட்டது என்று சிரித்தார்கள். அவனும் சிரித்தான். நிழலில் உட்கார்ந்து சம்பாதிப்பது அவன் ஆயுளில் அதுதான் முதல் தடவை.

முதல் நாள் ஒத்திகை. அது கணக்கில் சேராது. அன்று மாலை நானூற்று ஒன்பது என்று கூட்டினான். வீட்டுக்கு வந்தால் பெண்டாட்டி ஒரு தகர டப்பாவை முன்னால் வைத்தாள். அவள் துணிக் கம்பெனிக்குச் சட்டையில் பட்டன் தைத்துக் கொடுப்பவள். சன்னலோரம் உட்கார்ந்துதான் தைப்பாள். லாரி போகும்போதெல்லாம் அலமாரியில் டம்ளர்கள் கிலுகிலுவென்று ஆடும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் டப்பாவில் ஒரு பட்டன் போட்டு வைத்திருந்தாள். எண்ணிப் பார்த்தார்கள். நானூற்றுப் பன்னிரண்டு.

"நீங்க ஒண்ணுக்குப் போன நேரத்துல மூணு ஓடியிருக்கும். நான் இருக்கேன், தப்ப விடமாட்டேன்" என்றாள்.

அந்தக் கல்யாண வாழ்க்கையில் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த ஒரே வேலை அதுவாகத்தான் இருக்கும்.

மறுநாள் விடிவதற்குள் முதலாளி கூப்பிட்டனுப்பினார். மாற்றுச் சாலை வந்தால் அவருடைய காலி மனையின் நட்டநடுவில் போகும் என்று வரைபடத்தில் பார்த்திருந்தார். உட்காரச் சொன்னார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் உட்காரச் சொன்னதில்லை. மடக்கு நாற்காலியின் ஓரத்தில் தொற்றிக்கொண்டு உட்கார்ந்தான்.

"ரெண்டு லாரிக்கு ஒரு கோடு போடு, போதும். சாலை வராதுன்னு உத்தரவு வரட்டும், உன் சீட்டக் கிழிச்சுப் போட்டுடறேன். இல்லேன்னா இந்த மாசமே முழுசா எண்ணி வெச்சிடு."

ரெண்டுக்கு ஒரு கோடு. மடக்குக்கு அந்தக் கணக்குப் புதிதல்ல. அவன் மூட்டை தூக்கிய காலத்தில் கிடங்குக் கணக்குப்பிள்ளை இரண்டு மூட்டைக்கு ஒரு கோடு போட்டுக் கூலியில் கைவைப்பார். அதைக் கண்டுபிடித்து, கணக்குப்பிள்ளையின் சட்டையைப் பிடித்து, நீ சோறுதான் தின்னுறியா என்று கேட்டவனே இவன்தான். இப்போது பேனா இவன் கையில் இருந்தது. தலையை ஆட்டிவிட்டு வந்து நாற்காலியை விரித்தான்.

ஏழு நாளும் அப்படியே போயிற்று. மாலையில் மேற்பார்வையாளர் வருவார். கூட்டல் சரியா என்று மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். வீட்டில் அவள் பட்டன்களை எண்ணி, "நானூத்திப் பதினஞ்சு. உங்களுக்கு எவ்வளவு?" என்று கேட்பாள். அவன் குனிந்தபடியே, சரியாக இருக்கிறது என்பான். குனிந்தே இருப்பவன் முகத்தை யார் பார்க்கிறார்கள்?

இரண்டு மாதத்தில் உத்தரவு வந்தது. நாளொன்றுக்குச் சராசரி இருநூற்றெட்டு லாரிதான்; மாற்றுச் சாலை தேவையில்லை; வேகத்தடையும் தேவையில்லை. தெருப் பெண்கள் அந்தத் தாளை ஆளுக்கு ஒரு தடவை வாங்கிப் பார்த்தார்கள். படிக்கத் தெரியாதவர்களும் பார்த்தார்கள். அவள் மட்டும், ஆபீசில் எவனோ மாற்றி எழுதிவிட்டான் என்று வாய் ஓயாமல் திட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்து மடக்கு சாப்பிட்டான்.

முதலாளியிடம் போய் நின்றான். சீட்டு எங்கேயோ இருக்கிறது, தேடித் தருகிறேன் என்று அனுப்பிவிட்டார்.

அடுத்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, தைத்து முடித்த சட்டைக் கட்டை எடுத்துக்கொண்டு அவள் எதிர்ச்சாரிக்குப் போனாள். முன்னால் போன லாரி கடந்ததும் காலை எடுத்து வைத்தாள். அதன் வாலைப் பிடித்தாற்போல் பின்னாலேயே இன்னொன்று வந்தது. பத்துச் சக்கரம். முதலாளியின் கிடங்குக்குச் சரக்கு ஏற்ற வந்தது. சட்டை ஒன்றுகூடக் கிழியவில்லை. அவளுடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். கட்டுக்குள் ரத்தம் பட்ட ஆறு சட்டைக்குக் கம்பெனி கூலியைப் பிடித்துக்கொண்டது.

நஷ்ட ஈட்டு விசாரணைக்கு அவளை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். மடியில் தகர டப்பா இருந்தது. லாரிக்காரர் தரப்பு வக்கீல் சிறு வயசுக்காரர்; கணக்கெடுப்புத் தாளைக் கையில் பிடித்திருந்தார்.

"இந்தத் தெருவுல மூணரை நிமிஷத்துக்கு ஒரு லாரிதாங்க போவுது. அரசாங்கமே எண்ணின கணக்கு. இருபதடி ரோட்டத் தாண்ட மூணரை நிமிஷம் பத்தலைன்னா, அதுக்கு லாரி என்னங்க பண்ணும்?"

அறையில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவள் டப்பாவைத் தூக்கிக் காட்டி, ஒரு நாளைக்கு நானூற்றுப் பதினைந்து என்றாள். விசாரணை அதிகாரி மூடியைத் திறந்து பார்த்தார். பட்டனெல்லாம் சாட்சி ஆகாதம்மா என்று, புண்படுத்தும் எண்ணமில்லாமல்தான் சொன்னார். பிறகு தாளைத் திருப்பி, எண்ணியவர் யார் என்று கேட்டார்.

மடக்கு எழுந்தான். கடைசி பெஞ்சில் முதலாளி உட்கார்ந்திருந்தார். உள்ளே வருமுன் வாசலிலேயே இவனை ஓரமாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார், பொய்க் கணக்கு எழுதினேன் என்று வாயைத் திறந்தால் முதலில் ஜெயிலுக்குப் போவது நீதான், நொண்டிப் பெண்டாட்டிக்கு அப்புறம் யார் தண்ணீர் தருவார்கள் என்று. இப்போது சட்டைப் பையிலிருந்து சீட்டின் ஓரத்தை இழுத்துக் காட்டினார்.

"இது சரியான கணக்குதானா?" என்றார் அதிகாரி.

அவள் அவனையே பார்த்தாள். இத்தனை நாள் திட்டிய அந்த 'எவனோ' யார் என்பது அவளுக்குப் பிடிபட்டுக்கொண்டிருந்தது. ஆனாலும், இப்போதாவது சொல்லிவிடுவான் என்று அந்த முகத்தில் இருந்தது.

"சரியாத்தான் எண்ணினேனுங்க."

பத்து நிமிஷத்தில் விசாரணை முடிந்தது. கவனமில்லாமல் தெருவைக் கடந்தது அவள் தப்பு. நஷ்ட ஈடு கிடையாது. திரும்பும் வழியெல்லாம் அவள் டப்பாவின் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு தெருவையே பார்த்து வந்தாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மாலையில் முதலாளி வீட்டுக்கே வந்தார். சொன்ன சொல் தவறமாட்டேன் என்று, சீட்டை எடுத்து அவள் கண் முன்னாலேயே நாலாகக் கிழித்துத் தரையில் போட்டார்.

"நாப்பத்தாறாயிரத்து முந்நூத்தம்பது. இன்னியோட தீந்துச்சு. ஆனா ஒண்ணு, வர்ற மாசத்துலேர்ந்து சந்தை ரோட்டு லாரியும் இந்தப் பக்கம்தான். உன் கணக்கப் பாத்துட்டு, இங்க எடம் கெடக்குதுன்னு திருப்பி விட்டுட்டாங்க. தெருவுல பாத்துப் போங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். வெளியே ஒரு லாரி போனது. டம்ளர்கள் ஆடி அடங்கின.

மடக்கு சுவரோடு ஒட்டி நின்றான். நாளைக்கே ஆபீசுக்குப் போய் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன் என்று அழுதான். அவள் அவன் அழுது முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"நீங்க போடாம விட்ட கோட்டுல ஒண்ணுதான் என் மேல ஏறினது" என்றாள். குரல் உயரவில்லை. "இந்தத் தெருவுல நடக்கிறவங்க எல்லாரோட காலையும் நம்பி உங்க கையில குடுத்தாங்க. நீங்க அத உங்க கடனுக்கு வித்துட்டீங்க. பொய்க் கணக்கு எழுதுறவன் தாள்லயா எழுதுறான்? எவ ஒடம்பு மேலயோ எழுதுறான். யாரோ ஒருத்தின்னு நெனச்சுத்தான எழுதினீங்க? எழுதுற எல்லாரும் அப்படித்தான் நெனைக்கிறாங்க."

டப்பாவை மடியில் கவிழ்த்து, ஊசியில் நூலைக் கோத்தாள். கம்பெனிக்கு நாளைக்கு முப்பது சட்டை தர வேண்டும்.

கிழிந்த சீட்டுத் தரையில் கிடந்தது. பெருக்க அவளால் எழுந்திருக்க முடியாது. அவன்தான் நாலு துண்டையும் பொறுக்கினான். அதற்காக அவன் தனியாகக் குனிய வேண்டியிருக்கவில்லை.