துண்டுக்கடியில் பேசிய வருஷங்கள்

பாவாத்தாளுக்குப் புருஷன் சென்னியப்பனின் சிறுநீரகத்தைப் பொருத்திய மூன்றாம் நாள் காலை, அவளுடைய ரத்தத்திலிருந்த எதிர்ப்பொருள்கள், அதாவது ஆன்டிபாடிகள், மூன்று பேர் வார்டுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. நர்ஸ் பாஸ் கேட்டாள். உடம்புக்குள்ளிருந்து வருகிறவர்களுக்குப் பாஸ் தேவையில்லை என்று சுவரில் எழுதியிருந்தது. விட்டுவிட்டாள்.

"ஆருங்க நீங்க?" என்றாள் பாவாத்தாள்.

"உம்பட ஆளுகதான் அம்மணி," என்றார் பெரியவர். "மூத்தவன் வயித்துல இருக்கறப்பவே வந்துட்டோம். அவன்கிட்ட உம்பட ஊட்டுக்காரர் சாடை இருந்துச்சு. அப்பவே குறிச்சு வெச்சுக்கிட்டோம். இப்ப அந்த ஆளையே உள்ள கொண்டாந்து வெச்சிருக்கறே."

"ஆளு இல்லீங்க. ஒரு கிட்னிதான்."

"எங்களுக்கு அதே மூஞ்சிதான்."

டாக்டர் வந்தார். "ரத்தத்தைச் சுத்தம் பண்ணி ஆன்டிபாடியைக் குறைச்சோம். மிச்சம் இவங்க. எத்தனை வருஷம் கிட்னியை விட்டுவைப்பாங்கன்னு நீங்களே பேசிக்குங்க. அப்புறம் மறுபடி டயாலிசிஸ்தான்." அதற்குள் வார்டு நீண்டுவிட்டிருந்தது. அவர் ஆட்டோ பிடித்து அடுத்த நோயாளியிடம் போனார்.

பெரியவர் துண்டை விரித்துக் கையை நீட்டினார். பாவாத்தாள் இருபத்தாறு வருஷமாகச் சந்தையில் மாடு வாங்குகிறவள். துண்டுக்கடியில் விரல்பிடித்து விலை பேசும்போது அவள் முகத்தில் ஈ உட்கார்ந்தாலும் அசையாது.

பெரியவர் விரலை அழுத்தினார். இருபது வருஷம்.

எதிராளி சொன்னதற்கு அவள் எந்தக் காலத்தில் ஒத்துக்கொண்டிருக்கிறாள்? உதட்டைப் பிதுக்கினாள். ஐந்து என்று அழுத்தினாள்.

பெரியவர் கூட்டாளிகளைத் திரும்பிப் பார்த்தார். பதினைந்துக்கு வந்தார்.

"பல்லு பாத்தீங்களா இதுக்கு? அத்தனை பெறாதுங்க," என்று அவள் எழுந்து போகிறவளைப்போலப் போர்வையை விலக்கினாள். பதறிப்போய் உட்காரவைத்தார்கள்.

எட்டில் முடிந்தது. துண்டை எடுத்த பிறகுதான் எதைக் குறைத்தோம் என்று அவளுக்கு உறைத்தது. வாயைத் திறந்தாள். துண்டு எடுத்த பின் பேச்சு மாறினவள் என்ற பேர் அவளுக்கு இதுவரை இல்லை. மூடிக்கொண்டாள்.

"இப்படியொரு கிராக்கிய நாங்க பாத்ததில்ல அம்மணி," என்று கும்பிட்டுவிட்டு, மூவரும் ஊசி குத்திய இடம் வழியாக உள்ளே போனார்கள்.

பக்கத்துக் கட்டிலில் சென்னியப்பன் தையலைப் பிடித்தபடி திரும்பிப் படுத்தார்.

"எத்தனைக்கு முடிச்சே?"

"எட்டுங்க."

"அவன் என்ன சொன்னான்?"

"இருபது."

சென்னியப்பனின் முகம் மலர்ந்தது. "பாதிக்கும் கீழ அடிச்சுட்டயே புள்ள!" என்றார். பிறகு வார்டு முழுக்கக் கேட்கும்படி இன்னொரு தடவை சொன்னார்.