களைகள் தாங்கிய வழி

“அந்த மூலையையும் சுரண்டிடு,” என்று அண்ணன் கூலிக்காரரிடம் சொல்வது கேட்டபோது, அவள் சவப்பெட்டிக்குள் கிடந்த கணவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். காலையில் பச்சையாக இருந்த முன்பக்கம் மொட்டை அடித்த தலையாகியிருந்தது. அருகம்புல், தும்பை, பருப்புக்கீரை எல்லாம் வேரோடு சுவரோரம் குவிந்து கிடந்தன.

“நாலு பேர் வர்ற இடம். காடு மாதிரி கிடந்தா நமக்குத்தானேம்மா அசிங்கம்,” என்றார் அண்ணன். அவர் கொத்தனார். மண் என்றால் சமமாக, துப்புரவாக இருக்கவேண்டும்.

அவள் தடுக்கவில்லை. அதுதான் அவளைக் குடைந்தது. முப்பது வருஷமாக அவளும் இதே அசிங்கத்தைச் சொல்லித்தான் கணவரோடு மல்லுக்கு நின்றாள். லிஃப்ட் மெக்கானிக்கான அவர் ஒரு களையையும் பிடுங்கமாட்டார். அளவுக்கு மீறி வளர்ந்தால் அரிவாளால் தலையைத் தட்டுவார், வேரை விட்டுவிடுவார். எதிர்வீட்டு டைப்பிஸ்ட் அவருக்குக் காட்டு ராஜா என்று பெயரே வைத்துவிட்டார். கோடையில் அந்த டைப்பிஸ்ட் வாளி வாளியாகத் தண்ணீர் சுமக்கும்போது, காட்டு ராஜாவின் மண் களை நிழலில் ஈரமாக இருக்கும். தும்பைக்கு வந்த தேனீ பூசணிப் பூவுக்கும் போகும். அவள் கண்டும் காணாததுபோல் இருந்துவிட்டு, கீரையை மட்டும் பறித்துச் சமைத்துவிடுவாள்.

“வேர்தான் மச்சான் மண்ணுக்குக் கம்பி. நீங்க கான்கிரீட்டுக்குள்ள போடுறீங்கள்ல, அது மாதிரி,” என்று அவர் ஒருமுறை சொன்னபோது, அண்ணன் புரையேறும்வரை சிரித்தார்.

மகள் உள்ளே வந்தாள். “அம்மா, மாமா பின்பக்கத்தையும் எடுக்கச் சொல்றாரு.”

அவள் எழுந்து பின்வாசலுக்குப் போனாள். கூலிக்காரர் மண்வெட்டியை ஓங்கியிருந்தார்.

“அங்க வேண்டாம். விட்டுருங்க.”

“நீயே எத்தனை தடவை என்கிட்ட புலம்பியிருக்க?” என்றார் அண்ணன்.

“புலம்பினேன். இப்ப வேண்டாம்ங்கிறேன். இது அவரோடது.”

அண்ணன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போனார்.

பதினோரு மணிக்குப் பிடித்த மழை ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்தது. விட்டபோது முன்பக்கம் முழுக்கச் சேறு. போட்டிருந்த நாற்காலிகள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்தன. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் இறங்கிய ஆறு பேரில் முன்னால் நின்ற மருமகன் கணுக்கால்வரை புதைந்தான். பெட்டி சரிந்தது. இத்தனை பேர் முன்னால் அவரைச் சேற்றில் போடுவதா?

“திரும்புங்க. பின்பக்கமா கொண்டு போங்க. வண்டியைச் சந்துக்கு வரச் சொல்லுங்க,” என்றாள்.

பின்வாசலைத் தாண்டி முழங்கால் உயரத்துக்குக் களை. அண்ணன் முன்னால் வந்து மருமகனின் இடத்தில் தோள் கொடுத்தார். முதல் அடியைப் பயந்துதான் வைத்தார். தண்ணீர் சளக்கென்றது, புல் படுத்தது, கால் இறங்கவில்லை. இரண்டாவது அடியும் இறங்கவில்லை. அதன்பிறகு ஆறு பேரும் தரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு நிமிர்ந்து நடந்தார்கள். டைப்பிஸ்ட் செருப்பைக் கையில் பிடித்தபடி பின்னாலேயே வந்தார்.

அவள் அழுதுகொண்டேதான் நடந்தாள். ஆனாலும் நெஞ்சு பெருமையில் விம்மியது. முப்பது வருஷச் சண்டையில் அவளுடைய மனிதர் ஜெயித்துவிட்டார். ஒரு குலுங்கல் இல்லாமல், தன் களைகளின்மேல், ராஜாவாகவே போய்க்கொண்டிருந்தார். தோற்றதில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

பெட்டியை வண்டியில் ஏற்றியதும் அண்ணன் தன் பாதங்களைக் குனிந்து பார்த்தார். புல் ஒட்டியிருந்தது, சேறு இல்லை.

அடக்கம் முடிந்து அவள் வீடு திரும்பியபோது, முன்னதாகவே வந்துவிட்ட அண்ணன் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு முன்பக்கத்தில் குந்தியிருந்தார். குவியலிலிருந்து அருகம்புல்லை வேரோடு உருவி, சாந்துக் கரண்டியால் குழி பறித்து நட்டுக்கொண்டிருந்தார். சுவர் எழுப்பும்போது பிடிக்கிற நூலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இழுத்திருந்தார்.

“களையை யாராவது வரிசையா நடுவாங்களா அண்ணா?”

“கோணலா வைக்க எனக்கு வரலைம்மா.”

நூல் ஒரு பக்கம் தொய்ந்திருந்தது. அவள் சேற்றில் இறங்கி அந்த முனையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.