கதவுக்கு முந்திய ஆவி

2022 மார்ச் 28, மொராக்கோவின் சஃபி நகர மீன் டப்பா ஆலையில், டப்பாக்களை வேகவைக்கும் ஆவிக்கலம் கசிந்து ஒரு பெண்ணின் கை வெந்தது. ஆபரேட்டர் இத்தர் கலத்தின் கதவை மூடும் முன்பே ஆவியைத் திறந்ததாகக் கணினிப் பதிவு காட்டியது. அவன் வேலை போகும் நிலை.

"மூடிட்டுத்தான் திறந்தேன், சீதி," என்று மேலாளரை மரியாதையாக அழைத்துச் சொன்னான் இத்தர்.

"கணினிக்கு உன்மேல பகையா என்ன?" என்றார் மேலாளர்.

பொறியாளர் கல்தூம் எலக்ட்ரீஷியனிடம் திரும்பினாள். "ரமலானுக்காக நேத்து நாடு முழுக்க மணியை ஒரு மணி நேரம் பின்னால வெச்சோமே, எல்லாக் கருவியிலயும் மாத்தினீங்களா?"

"ஆவி வால்வுல மாத்திட்டேன், லல்லா," என்றார் எலக்ட்ரீஷியன் மரியாதையாக. "கதவு மூடுற நேரத்தைப் பதியற பெட்டியோட சாவி கிடைக்கலை, அதுல மாத்தலை."

"அதான் கதவு ஒரு மணி நேரம் பிந்தி மூடின மாதிரி காட்டுது!"

நேரத்தைச் சரிசெய்ததும், கதவு முதலில் மூடியது பதிவில் தெரிந்தது. கசிந்தது கதவின் தேய்ந்த ரப்பர் வளையம் வழியாகத்தான்; மாலையில் அதை மாற்றினார்கள். இத்தர் மறுநாள் வேலைக்கு வந்தான்.