நுவே யீக்கு எந்த நாடு?

நுவே யீ தைத்துக்கொண்டிருந்த புத்தகத்தின் மூன்றாவது துளையில் குத்தூசியை இறக்கியபோது, உள்ளே கட்டிலில் கிடந்த கணவர் நர்ஸ் பெண்ணைப் போர்ச்சுகலுக்குப் போகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"போர்ச்சுகலா? என் சம்பளத்துக்குப் படகேறி அக்கரைக்குப் போனாலே பெரிசு, வாத்தியாரே" என்று நிலார் மருந்துக் குப்பியைக் குலுக்கிக்கொண்டே சிரித்தாள்.

"வலப்பக்கம், மூணாவது தட்டு, பச்சை அட்டைப் புத்தகம். ஒரு பொண்ணு கலங்கரை விளக்கத்துல தனியா வேலை பார்ப்பா. ஊர்ல உள்ள கப்பலுக்கெல்லாம் விளக்குக் காட்டுவா. அவளுக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்தி வைக்க நாதி இருக்காது. எடுத்துட்டுப் போ."

பெண்ணின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. "எப்படித்தான் கண்டுபிடிக்கிறீங்களோ" என்று முணுமுணுத்தபடி ஊசியைப் போட்டாள்.

சோ திண்ட் அப்படித்தான் கண்டுபிடிப்பார். மோல்மேன் நகரத்தின் கீழ்த்தெருவில், வீட்டு முன்னறையில் அவர் நடத்திய வாடகைப் புத்தகக் கடைக்கு யார் வந்தாலும் முதலில் தலையைச் சாய்த்து, இடது கண்ணைச் சுருக்கி, ஆளை ஒரு நிமிடம் பார்ப்பார். பிறகு "உனக்குப் பெரு", "நீ இந்த வாரம் துருக்கிக்குப் போ" என்று தீர்ப்புச் சொல்வார். பாஸ்போர்ட் என்ற வஸ்துவை யாரும் கண்ணால் பார்த்திராத தெரு அது. அவரே ரங்கூனைத் தாண்டியதில்லை. ஆனால் அவர் கொடுத்த புத்தகத்தைக் கொண்டுபோனவர்கள் மறுவாரம் அழுத கண்ணோடு வந்து, "இது என் கதைதானே வாத்தியாரே?" என்று கேட்டார்கள். சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டும் கோ லுன் ஒருமுறை ரஷ்யக் கதையின் மூன்றாம் பாகத்தை முதலிலும் முதல் பாகத்தைக் கடைசியிலும் படித்துவிட்டு, "செத்தவன் எழுந்து வந்து கல்யாணம் பண்ணிக்கிறான், என்ன நாடு வாத்தியாரே அது! அங்கேயே பொறந்திருக்கலாம்" என்றான். அவன் கடைப் பக்கம் வரும்போதெல்லாம் சோ திண்ட் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

தடித்த புத்தகத்தை மூன்றாக அறுத்து, மூன்று பாகமாகத் தைத்து, தனித்தனியாக வாடகைக்கு விடுவது அந்த ஊர் வழக்கம். அறுப்பதும் தைப்பதும் பிளாஸ்டிக் உறை போடுவதும் நுவே யீயின் வேலை. பக்கம் மாறிவிடக் கூடாதே என்று முதலில் எண்களை மட்டும் பார்த்தாள். பிறகு இந்தப் பக்கத்தின் கடைசி வரியும் அடுத்த பக்கத்தின் முதல் வரியும் சேருகிறதா என்று பார்த்தாள். அப்புறம் நடுவில் இருப்பதையும் விடவில்லை. முப்பத்தொரு வருடத்தில் அந்தக் கடையில் அவள் படிக்காத புத்தகம் ஒன்றுகூட இல்லை. இது யாருக்கும் தெரியாது.

சோ திண்டுக்கும் தெரியாது. கல்யாணமான புதிதில், தைத்து முடித்த ஒரு கதையைப் பற்றி, "அந்தச் சிலி நாட்டுக்காரி வீட்டை விட்டுப் போயிருக்கக் கூடாது" என்று ஆசையாக வாயெடுத்தாள். அவர் கடைக்கு வந்திருந்த நாலு பேருக்கு முன்னால், "பாருங்கய்யா, தைக்கிறவளுக்கு நூல் பலமான்னு தெரிஞ்சாப் போதாதா?" என்று சொல்லிச் சிரித்தார். கெட்ட எண்ணம் கிடையாது, வேடிக்கைதான். நாலு பேரும் சிரித்தார்கள். அன்றைக்கு மூடிய வாய். இவராக ஒருநாள் தலையைச் சாய்த்து என்னைப் பார்க்கட்டும், இவராக எனக்கு ஒரு நாட்டைச் சொல்லட்டும், அதுவரைக்கும் நான் கேட்கமாட்டேன் என்று ஒரு வீம்பு. அந்த மனிதரோ தெருவில் போகிற ஐஸ்காரனுக்கெல்லாம் நாடு கொடுத்தாரே தவிர, பின்கட்டில் உட்கார்ந்திருந்தவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நிலார் வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள். "பெரியம்மா, இன்னிக்குத் தாண்டாது. சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க. கேக்க வேண்டியது ஏதாவது இருந்தாக் கேட்டுடுங்க."

நுவே யீ நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். வீம்பு பார்க்க இனி நாள் ஏது? எழுந்து முகம் கழுவினாள். அவர் படுத்ததிலிருந்து நாற்பது நாளாகச் சரியாகச் சீவாத தலையைச் சீவி முடிந்துகொண்டு உள்ளே போனாள். மழை பிடித்துக்கொண்டிருந்தது. தகரக் கூரை அதிர்ந்ததில் கட்டிலுக்கு மிக அருகில் போய்க் குனிய வேண்டியிருந்தது.

"என்னங்க."

"கஞ்சி வேண்டாம்."

"கஞ்சி இல்ல. எனக்கு ஒண்ணு சொல்லுங்களேன்."

"என்னத்தை?"

"புத்தகம்தான். ஊருக்கெல்லாம் சொல்றீங்களே. எனக்குன்னா எந்த நாடு?"

சொல்லி முடிப்பதற்குள் காது மடல் சூடாகிவிட்டது, ஐம்பத்தெட்டு வயதில். அவர் அவளைப் பார்த்தார். தலையணையில் தலை மெல்லச் சாய்ந்தது. இடது கண் சுருங்கியது. கடைக் கதவிடுக்கு வழியாக அவள் ஆயிரம் தடவை பார்த்திருந்த பார்வை, முதல் தடவையாக அவள் பக்கம் திரும்பியிருந்தது. நுவே யீ முதுகை நிமிர்த்திக்கொண்டாள். என்னைப் பார், நன்றாகப் பார் என்று உள்ளுக்குள் கெஞ்சினாள்.

நிமிடம் ஒன்று போனது. இன்னொன்றும் போனது. யாரையும் அவர் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

"உனக்கா?" என்றார். சுருங்கிய கண் விரிந்தது. அதில் பயம்போல ஏதோ வந்துவிட்டது. "தெரியலையே, நுவே."

"யோசிச்சுப் பாருங்க."

"உனக்கு என்ன பிடிக்கும்?"

இந்தக் கேள்வியை அவர் எந்த வாடிக்கையாளரிடமும் கேட்டதில்லை. கேட்காமலே சொல்வதுதான் அவருடைய பெருமை. எனக்குக் கலங்கரை விளக்கக்காரியைப் பிடிக்காது, அவள் தன்மேலேயே பரிதாபப்படுகிறவள். பெரு நாட்டு உருளைக்கிழங்குக்காரியைப் பிடிக்கும், அவள் நியாயவிலைக்குக்கூடச் சண்டை போடுவாள். கோ லுனுக்கு நீங்கள் கொடுத்திருக்க வேண்டியது ரஷ்யா இல்லை, எகிப்து. இவ்வளவும் அவள் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. எங்கிருந்து ஆரம்பிப்பது? முப்பத்தொரு வருடத்தை ஒரு பிற்பகலில் சொல்லித் தீர்க்க முடியுமா?

"நீங்களே சொல்லுங்க" என்றாள்.

"கொஞ்சம் இரு. யோசிச்சுச் சொல்றேன்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் கட்டிலை விட்டு நகரவில்லை. நாலு மணி சுமாருக்கு அவருடைய உதடு அசைந்தது. பாய்ந்து காதைக் கொண்டுபோய் வைத்தாள்.

"தண்ணி."

கரண்டியால் கொடுத்தாள். பாதிக்குமேல் கடைவாயில் வழிந்தது. துடைத்துவிட்டு மறுபடி காதை வைத்தாள். மூச்சு நின்ற பிறகும் அவள் கொஞ்ச நேரம் காதை எடுக்காமலே இருந்தாள்.

நாத்தனார் கின் ஆய் வந்து ஒப்பாரி வைத்தாள். கட்டைவிரல்களை நூலால் கட்டினாள். ஆற்றைக் கடக்கிறவருக்குப் படகுக் கூலியாக வாயில் ஒரு காசு வைத்தாள். "உலகமெல்லாம் சுத்திக் காட்டினவர்னு விசிறியில அடிக்கச் சொல்லியிருக்கேன் அண்ணி, நல்லாயிருக்கும்ல?" என்று கேட்டாள். சாவுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் காகித விசிறி அது. நுவே யீ தலையை ஆட்டினாள். அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. யோசிச்சுச் சொல்றேன் என்றாயே, பாவி மனிதா.

மூன்றாம் நாள் அடக்கம் முடிந்து எல்லோரும் வீட்டுக்குத் திரும்பினார்கள். துக்க வீட்டைத் தனியே விடக் கூடாது என்று முன்னறையில் அலமாரிகளுக்கு நடுவே உட்கார்ந்து, தேநீர் குடித்துக்கொண்டு, தர்ப்பூசணி விதையைக் கொறித்துக்கொண்டு, விசிறியால் விசிறிக்கொண்டு அவரைப் பற்றியே பேசினார்கள்.

"என் பெண்டாட்டி ஓடிப்போன வாரம் எனக்குத் துருக்கிக் கதை குடுத்தாரு" என்று கோ லுன் மூக்கைச் சிந்தினான். "அது மட்டும் இல்லேன்னா ஆத்துல விழுந்திருப்பேன்."

"எனக்குப் போர்ச்சுகல்" என்றாள் நிலார். "அன்னிக்கு ராத்திரியே முடிச்சுட்டேன். எனக்குன்னே எழுதின மாதிரி இருந்துச்சு." பிறகு சுவரோரம் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துத் திரும்பினாள். "பெரியம்மா, வாத்தியார் உங்களுக்கு எந்த நாடு குடுத்தாரு?"

விசிறிகள் நின்றன. எல்லா முகங்களும் அவள் பக்கம் திரும்பின. உலகமெல்லாம் சுற்றிக் காட்டினவர் சொந்த மனைவிக்கு எதைக் கொடுத்திருப்பார் என்று கேட்க அத்தனை பேருக்கும் ஆசை. கின் ஆய்கூட விதை கொறிப்பதை நிறுத்தினாள்.

ஒன்றும் கொடுக்கவில்லை என்று சொன்னால் செத்த மனிதரின் முகத்தில் கரி. அதைவிட, கூட இருந்தவரே திரும்பிப் பார்க்கும்படி இவளிடம் ஒன்றுமே இல்லையா என்று இந்த ஜனம் நினைக்குமே, அதைத் தாங்க முடியாது. பொய்யாக ஒரு நாட்டைச் சொல்லிவிடலாம். ஆனால் அவர் யோசித்தும் கிடைக்காததைத் தானே சொல்லிக்கொள்ள அவளுக்கு நாக்கு எழவில்லை.

"எனக்குப் படிக்கத் தெரியாதேம்மா" என்றாள் நுவே யீ.

யாரோ உச்சுக் கொட்டினார்கள். கின் ஆய் மார்பில் கை வைத்துக்கொண்டாள். "அடக் கடவுளே! முப்பத்தொரு வருஷம்! எங்க அண்ணன் ஒரு வார்த்தை வெளிய விட்டிருப்பாரா? பெண்டாட்டி மானத்தை எப்படிக் காப்பாத்தியிருக்காரு பாருங்க. தெய்வம்யா அவரு."

"தெய்வம்தான்" என்றான் கோ லுன், மறுபடி மூக்கைச் சிந்தியபடி.

நிலாருக்குக் கண் நிறைந்துவிட்டது. எழுந்து வந்து நுவே யீயின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இவ்வளவு புத்தகத்துக்கு நடுவுல இருந்துட்டு... மனசுல எவ்வளவு ஏக்கம் இருந்திருக்கும்! நான் இருக்கேன் பெரியம்மா. தினம் வேலைக்குப் போற வழியில கொஞ்சம் வாசிச்சுக் காட்டறேன். இருங்க, உங்களுக்கு எது சரியா இருக்கும்னு பார்க்கறேன்."

அலமாரிகளின் முன்னால் போய் நின்றாள். பெருவை நகர்த்தினாள், எகிப்தை எடுத்துப் பார்த்துக் கனமாக இருக்கிறதென்று திரும்ப வைத்தாள். கடைசியில் அடித்தட்டில், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக வைத்திருந்த மெல்லிய புத்தகம் ஒன்றை உருவிக்கொண்டு வந்து, நுவே யீயின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"இது லேசா இருக்கும். உங்களுக்கு நல்லாப் புரியும்."

மடியில் விரித்து வைத்து, ஒவ்வொரு எழுத்தாக விரலை ஓட்டி, உரக்க, நிறுத்தி நிறுத்தி வாசிக்க ஆரம்பித்தாள். மற்றவர்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். இரண்டாம் பக்கத்தில் ஒரு வரியை விட்டுவிட்டாள். விட்ட வரியை நுவே யீ மனதுக்குள் சேர்த்துக்கொண்டாள்.

நிலார் படத்தின்மேல் விரலை வைத்தாள்.

"இதுதான் ஒட்டகச்சிவிங்கி, பெரியம்மா. ஆப்பிரிக்கான்னு ஒரு இடம் இருக்கு. அங்கதான் இருக்கும்."

"அப்படியா" என்றாள் நுவே யீ.